எழுபதாம் பிறந்தநாள் கப்பல்

காயத்ரி: ஈக்வடார் பக்கம் கலாபகோஸ் தீவெல்லாம் சுத்திக் காட்டற கப்பல்ல ரெண்டு கேபின்தான் மிச்சம். வெள்ளிக்குள்ள முன்பணம் கட்டணும். பெரியப்பா 70க்குப் போறோம்தானே?

அத்தை: எந்த மாசம்

காயத்ரி: ஜனவரி கடைசி

அத்தை: காவடி!!

சித்தி: அதானே. விரதம் வந்துடும்

சித்தப்பா: ஜனவரின்னு நான்தான் சொன்னேன். ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் அங்க குளிர்ந்த நீரோட்டம் பலமா வரும், கடலும் ஆடும். டிசம்பர்லேர்ந்து மே வரை அவ்வளவு ஆட்டம் இல்ல. ரோட்ரிக்ஸ் தீவுக்குப் போன கப்பல்ல அக்கா பட்ட பாடு போதாதா?

அத்தை: அதையே இன்னும் எத்தனை வருஷம் சொல்லுவ

ரவி: பணம் யார் கட்டறது? பாட்டி வீட்டுக் கூரைக் கணக்கே முடியல

சித்தி: அது இங்க வேணாம் ரவி

பெரியப்பா: ஆமை பாக்கணும்

சித்தப்பா: பாக்கலாம் அண்ணா. சாண்டா குரூஸ் தீவு மேட்டுல புல்லு மேஞ்சுக்கிட்டுத் திரியும். நம்ம மொரீஷியஸ்லயும் ராட்சச ஆமை இருந்ததே. 1598ல டச்சுக்காரன் வந்தான், அப்புறம் வந்த கப்பல்காரங்களும் சேர்ந்து தின்னே தீர்த்துட்டாங்க. இப்ப நம்ம இல் ஓ ஸேக்ரெட் தீவுல இருக்கறது செஷல்ஸ் பக்கத்து அல்தாப்ரா ஆமை. கலாபகோஸ்லயும் பின்டா தீவு இனத்தோட கடைசி ஆமை 2012ல செத்துப்போச்சு. மிச்ச இனங்களையாவது கண்ணால பாத்துடணும். அதுக்குத்தான் இவ்வளவு சொல்றேன்.

தினேஷ்: எரிமலை வெடிக்குமா

சித்தப்பா: அங்க ஃபெர்னாண்டினா தீவுல 2024 மார்ச்ல வெடிச்சது. பறக்கத் தெரியாத நீர்க்காகம் அங்கயும் பக்கத்து இசபெலாவுலயும்தான் உண்டு. கருப்புப் பாறையில கடல் உடும்பு கும்பலாக் கிடக்கும். மூக்கு வழியா உப்பைத் தும்மித் தும்மி, தலையெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கும்.

தினேஷ்: தொடலாமா

சித்தப்பா: கூடாது. ரெண்டு மீட்டர் தள்ளித்தான் நிக்கணும். 16 பேருக்கு ஒரு வழிகாட்டி, அவர் இல்லாம கரையில இறங்க விடமாட்டாங்க.

சித்தி: நம்மூர் ட்ரூ ஓ சேர் எரிமலை மாதிரி கார்லயே மேல போயிடலாமா? எனக்கு முட்டி

அத்தை: அச்சார் ஊறுகாய் எடுத்துட்டுப் போகலாமா

காயத்ரி: பழம், விதை எதையும் விடமாட்டாங்க அத்தை. அச்சார் கேட்டுச் சொல்றேன். தலைக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம் தனி

ரவி: 100ன்னு சொன்னீங்க?

காயத்ரி: 2024 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க

ரவி: 🙏

காயத்ரி: ஏப்ரல் கேக்கட்டுமா? காவடி முடிஞ்சிருக்கும், கடலும் சரியா இருக்கும்

பெரியப்பா: கேளு

சித்தி: தினேஷுக்குப் பரீட்சை?

தினேஷ்: நான் பள்ளிக்கூடத்துல கேக்கறேன்

அத்தை: என் பேரைச் சேர்த்துடு காயத்ரி. இரு, நாளைக்குச் சொல்றேன்