பெருக்கல் கணக்கு மட்டும் எதிர்ப்பொருள்களின் பன்மைக்குப் போதுமா?

கேள்வி:
மனிதருக்குப் புரதங்களைக் குறிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே இருக்க, கிருமிகளைப் பற்றும் புரதங்களான எதிர்ப்பொருள்களை உடல் கோடிக்கணக்கான வகைகளில் எப்படி உருவாக்குகிறது என்று என் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார். வி, டி, ஜே என்னும் மரபணுத் துண்டுகளிலிருந்து ஒவ்வொன்று சேர்ந்து இணைவதாக விளக்கினேன். ஆனால் எதிர்ப்பொருளின் இரு வகைப் புரதச் சங்கிலிகளில் பெரியதான கனமான சங்கிலிக்குச் சுமார் 40 வி, 23 டி, 6 ஜே எனப் பெருக்கினால் 5,520தான் வருகிறது. மீதி எங்கிருந்து வருகிறது?

முதல் பதில்:
கணக்கை இன்னும் சற்று நீட்டுங்கள், ஐயா. சிறியதான இலேசான சங்கிலியில் கப்பா, லாம்டா என்னும் இரு வகைகளும் சேர்ந்து முந்நூற்றுச் சொச்சம் சேர்க்கைகளைத் தருவதால், பெருக்குத்தொகை 17 லட்சத்தைத் தாண்டும். அப்போதும் கோடியை எட்டாது. உண்மையான பன்மை, துண்டுகள் ஒட்டும் இடத்தில் பிறக்கிறது. ரேக் நொதிகள் டி.என்.ஏ.வை வெட்டியபின், முனைகளில் சில நியூக்ளியோடைடுகள் உதிர்கின்றன, டி.டி.டி. என்னும் நொதி எந்த அச்சுப் படியையும் பாராமல் புதியவற்றைச் செருகுகிறது. தையல்காரர் ஓரத்தை நறுக்கிவிட்டு, கைக்குக் கிடைத்த துணியை இடையில் வைத்துத் தைப்பதைப் போன்றது இது. அந்த ஒட்டுதான், ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருள் அடையாளம் காணும் அந்நியப் பொருளை, பற்றும் குழியின் நடுவே அமையும் சி.டி.ஆர்.-3 வளையமாகிறது. ஆகவே ஒரே துண்டுகளைத் தேர்ந்த இரு பி செல்கள்கூட (எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்கள்) வெவ்வேறு பொருள்களைப் பற்றலாம். இதற்கு விலையும் உண்டு: மரபுக்குறிகள் மும்மூன்றாகப் படிக்கப்படுவதால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஒட்டுகள் வாசிப்பு வரிசை பிறழ்ந்து வீணாகின்றன.

இரண்டாம் பதில்:
மாணவிக்குச் சான்றையும் காட்டலாம். 1976இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுசுமு டோனேகாவாவும் நொபுமிச்சி ஹொசுமியும் எலியின் கருவிலிருந்தும், எதிர்ப்பொருள் சுரக்கும் புற்றுச் செல்லிலிருந்தும் டி.என்.ஏ.வை எடுத்து ஒப்பிட்டனர். கருவில் தனித்தனியே கிடந்த பகுதிகள் புற்றுச் செல்லில் அருகருகே வந்திருந்தன. டோனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. தனித்தனி மரபணுப் பகுதிகள் இணைகின்றன என்னும் கருத்தை டிரையர், பென்னட் என்னும் அறிவியலாளர்கள் 1965இலேயே முன்வைத்திருந்தனர் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் பெயர் பாடநூல்களில் அரிதாகவே வருகிறது.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் கிருமிக்கு ஏற்றவாறு செல் தன் துண்டுகளைத் தேர்ந்தெடுக்கிறதா?

முதல் பதில் எழுதியவர்:
இல்லை. எலும்பு மஜ்ஜையில் இந்தச் சேர்க்கை நடக்கும்போது எதிரே கிருமி எதுவும் இல்லை. பின்னர் வரும் கிருமியே தனக்குப் பொருந்தும் செல்லைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. அவ்வாறு பெருகும் செல்களில் ஏ.ஐ.டி. என்னும் நொதி எதிர்ப்பொருள் மரபணுவில் புள்ளி மாற்றங்களை (ஒற்றை எழுத்து மாற்றங்களை) உண்டாக்க, இறுகப் பற்றுபவை நிணநீர் முடிச்சுகளில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தடுப்பூசியின் அடுத்த தவணைக்குப்பின் சுரக்கும் எதிர்ப்பொருள்கள் பொதுவாக முதல் தவணையினவற்றைவிட வலுவாகப் பற்றுவது இதனால்தான்.