அப்பா "யெஸ் யெஸ்" சொன்னதற்கு 72 டாலர் பில். லாங் டிஸ்டன்ஸ் கம்பெனியையே மாற்றிவிட்டார்கள், என்ன செய்வது?

கும்பகோணத்தான்:

வணக்கம். அப்பா அம்மா நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறார்கள், நான் டெக்சஸில். அவர்கள் வீட்டில் இன்னும் லேண்ட்லைன் உண்டு, உள்ளூருக்கு ஒரு கம்பெனி, வெளியூர் வெளிநாட்டுக்கு (அதுதான் லாங் டிஸ்டன்ஸ்) இன்னொரு கம்பெனி. "அதை முதலில் எடுத்துவிடு" என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், முழுக்கதையையும் கேளுங்கள்.

போன வாரம் போயிருந்தபோது மேஜையில் கிடந்த போன் பில்லைச் சும்மா பிரித்துப் பார்த்தேன். வழக்கமான பக்கங்களுக்குப் பின்னால் நான் கேள்வியே படாத ஒரு கம்பெனியின் பெயரில் தனியாக ஒரு பக்கம். மாதக் கட்டணம் 9.95 டாலர், இந்தியாவுக்குப் பேசிய 23 நிமிடத்துக்கு நிமிடம் 1.89 வீதம் 43.47, அப்புறம் யுனிவர்சல் சர்வீஸ் என்று ஏதோ 19.23, ஆக மொத்தம் 72.65. அப்பா வாரம் ஒரு முறை மன்னார்குடியில் இருக்கும் பெரியப்பாவைக் கூப்பிடுவார். பெரியப்பாவுக்கு 84 வயது, வாட்ஸாப் எல்லாம் கைக்கு வராது, அவர் வீட்டிலும் லேண்ட்லைன்தான். பழைய பிளானில் இந்த 23 நிமிடத்துக்கு இரண்டு டாலர்கூட வந்ததில்லை.

முந்தைய மாத பில்லையும் தேடி எடுத்தேன், அதிலும் இதே கம்பெனி, 41 டாலர் சொச்சம். அம்மா பில் வந்த அன்றே செக் எழுதித் தபாலில் போட்டுவிடுகிறவர், அதனால் அந்தக் காசு போய்விட்டது. இந்த மாதத்துப் பணம் இன்னும் கட்டவில்லை.

அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டால், "உங்கள் அப்பா சம்மதித்தார், பதிவு இருக்கிறது" என்கிறார்கள். அப்பாவைக் கேட்டால், "நம்ம போன் கம்பெனியிலிருந்துதானே பேசினார்கள், பில்லைக் குறைக்கிறோம் என்றார்கள்" என்கிறார். இங்கேதான் எனக்கு எரிச்சல். அப்பா போனில் யார் எது சொன்னாலும் "யெஸ், யெஸ்" என்பார். அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் கிடையாது, ஊரில் கதை கேட்கிறவர் உம் கொட்டுவாரே அந்த மாதிரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்பதுதான். உம் கொட்டியதை ஒப்பந்தமாக்கிவிட்டார்கள். பணம் திரும்ப வருமா? கட்டாமல் விட்டால் லைனை வெட்டுவார்களா?

டெட்ராய்ட் மீனா:

இதற்கு ஸ்லாமிங் என்று பெயர், என் மாமியாருக்கும் நடந்திருக்கிறது. வாடிக்கையாளரின் முறையான அனுமதி இல்லாமல் அவருடைய தொலைபேசிக் கம்பெனியை மாற்றுவது 1996ல் தொலைத்தொடர்புச் சட்டத்தில் சேர்த்த 258ஆம் பிரிவுப்படி சட்டவிரோதம். அதனால் அந்தக் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அவர்கள் ஆளை மாற்றி மாற்றிப் பேசவிட்டு உங்களைக் களைப்படைய வைப்பார்கள்.

முதலில் உங்கள் உள்ளூர் போன் கம்பெனியைக் கூப்பிட்டு, இது அனுமதியில்லாத மாற்றம், பழைய கம்பெனிக்கே திருப்புங்கள், திருப்புவதற்கும் கட்டணம் போடாதீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு பழைய லாங் டிஸ்டன்ஸ் கம்பெனியையும் தனியாகக் கூப்பிட்டு இந்தியா பிளானை மறுபடி போடச் சொல்லுங்கள். இதை மறந்தால் கம்பெனி திரும்பியிருக்கும், பிளான் திரும்பியிருக்காது, சாதாரண ரேட்டில் இன்னொரு பெரிய பில் வரும். எனக்கு அதுவும் நடந்தது.

பணத்துக்கு வருவோம். எஃப்.சி.சி. (அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையம்) விதி கொஞ்சம் விசித்திரமானது. நீங்கள் இன்னும் கட்டவில்லை என்றால், மாற்றம் நடந்த முதல் 30 நாள் கட்டணத்தை யாருக்கும் கட்ட வேண்டியதில்லை, அதற்குப் பிறகு பேசியதற்குப் பழைய கம்பெனிக்கு அவர்களுடைய பழைய ரேட்டில் கட்டினால் போதும். ஏற்கெனவே கட்டிவிட்டால், மாற்றிய கம்பெனி அந்தத் தொகையில் 150 சதவீதத்தைப் பழைய கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும், அதிலிருந்து நீங்கள் கட்டியதில் பாதி உங்களுக்கு வரும். அதாவது பில் வந்த அன்றே செக் எழுதிய அம்மாவுக்குப் பாதிதான், இழுத்தடித்தவருக்குத்தான் முழு லாபம். நாணயமாக இருந்தால் இப்படி. ஆனாலும் புகார் கொடுங்கள், என் மாமியாருக்குப் புகார் போன மூன்றாவது வாரமே முழுத் தொகையும் வந்தது.

புகார் எஃப்.சி.சி. இணையதளத்தில் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சில மாநிலங்களில் ஸ்லாமிங் புகாரை மாநில ஆணையமே விசாரிக்கும், எஃப்.சி.சி. தளத்திலேயே பட்டியல் இருக்கிறது, நியூ ஜெர்சி எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லைனை வெட்டுவார்களா என்றால், எந்தக் கட்டணத்தைக் கட்டாவிட்டாலும் உள்ளூர்ச் சேவை துண்டிக்கப்படாது என்பதைப் பில்லிலேயே தெளிவாகக் காட்ட வேண்டும், பொடி எழுத்தில் எங்காவது இருக்கும், தேடுங்கள். தகராறில் இருக்கும் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றதை அம்மாவை ஒழுங்காகக் கட்டச் சொல்லுங்கள்.

அந்த யுனிவர்சல் சர்வீஸ் 19.23 பற்றி: அது வரி இல்லை, வரி மாதிரி தோன்றும்படி எழுதியிருப்பார்கள். கிராமப்புறத் தொலைபேசி, பள்ளிக்கூடம், நூலகம் இவற்றுக்கான நிதிக்குக் கம்பெனிகள் கட்ட வேண்டிய பங்கு, அதை நம் தலையில் வைக்க அனுமதி உண்டு, வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விகிதம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும், 2024, 2025 இரண்டிலும் 30 சதவீதத்துக்கு மேலேதான். உங்கள் மாதக் கட்டணமும் பேசிய கட்டணமும் சேர்ந்த 53.42க்கு 36 சதவீதம் போட்டிருக்கிறார்கள். கொள்ளையடித்த தொகைக்கும் விகிதம் பிசகாமல் கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

வெட்டிப்பேச்சு:

லேண்ட்லைனை எடுத்துவிட்டால் பிரச்சினையே முடிந்தது. 2020க்கு அப்புறமும் லாங் டிஸ்டன்ஸ் என்று ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

கும்பகோணத்தான்:

பொறுங்கள் என்று சொன்னேனே சார். எடுத்துவிடலாம், ஆனால் 27 வருஷமாக அதே நம்பர், மன்னார்குடியில் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிற நம்பர். பெரியப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே அமெரிக்க நம்பர் அதுதான்.

பழைய எச்1பி:

தம்பி, இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. 1984 ஜனவரி 1ஆம் தேதி ஏ.டி.அண்ட்.டி.யை உடைத்தார்கள், உள்ளூர் போன் ஒருவரிடம், வெளியூர் போன் உனக்குப் பிடித்தவரிடம் என்று ஆனது. போட்டி வந்தால் விலை குறையும் என்றார்கள். குறைந்தது உண்மைதான், நான் 1992ல் வந்தபோது ஊருக்குப் பேச நிமிடத்துக்கு ஒரு டாலருக்கு மேல், ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அம்மாவிடம் பேசுவேன், அம்மா அழ ஆரம்பித்தால் எனக்குக் கண் முள்ளின் மேலேயே இருக்கும். ஆனால் விலையோடு சேர்ந்து இந்த வியாபாரத் தொல்லையும் வந்தது. சாயங்காலம் தட்டில் சாதம் போட்டு உட்கார்ந்தால் போன் அடிக்கும், எங்கள் கம்பெனிக்கு வாருங்கள் என்பான்.

அப்புறம் தபாலில் செக் வரும். நிஜமான செக், 50 டாலர், 75 டாலர். ஆஹா என்று பின்னால் கையெழுத்துப் போட்டு வங்கியில் போட்டால், அந்தக் கையெழுத்தே கம்பெனியை மாற்றச் சம்மதம். நானே ஒரு முறை விழுந்தேன், பெயர் எதற்கு. செக்கின் முகப்பில் தடித்த எழுத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று பிற்பாடு விதி வைத்தார்கள். எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு தெலுங்கு நண்பர் இருந்தார், அவர் மட்டும் இவர்களுக்கே தண்ணி காட்டினார், செக் வர வர மாறிக்கொண்டே இருப்பார், ஒரே வருஷத்தில் நாலு கம்பெனி, வந்த பணத்தில் ஒரு மைக்ரோவேவ் வாங்கினார்.

1010ல் தொடங்கும் நம்பர்கள் ஞாபகம் இருக்கிறதா? முதலில் அதைச் சுற்றிவிட்டு அப்புறம் கூப்பிட வேண்டிய நம்பரைச் சுற்ற வேண்டும். 20 நிமிடம் 99 சென்ட் என்று டிவியில் ஓயாமல் விளம்பரம். எதிர்முனையில் ஆன்சரிங் மெஷின் எடுத்து அரை நிமிடம் பேசி வைத்தாலும் அதே 99 சென்ட்தான் என்பது பில் வந்தபிறகுதான் உறைக்கும்.

முன்பணம் கொடுத்து வாங்கிப் பேசுகிற காலிங் கார்டு கதை தனி. எடிசன் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக்கடையில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் தொங்கும், ஐந்து டாலர் கார்டு. போஸ்டரில் போட்டிருக்கிற நிமிடங்கள் உண்மையில் கிடைக்கும், ஒரே காலில் மூச்சுவிடாமல் பேசித் தீர்த்தால். நடுவில் வைத்தால் ஒரு பிடித்தம், ஒரு நிமிடம் பேசினாலும் மூன்று நிமிடமாகக் கணக்குப் போடுவார்கள், பயன்படுத்தாமல் பர்ஸில் வைத்திருந்தால் வாராவாரம் பராமரிப்புக் கட்டணம். கார்டுக்கு என்ன பராமரிப்பு, தண்ணியா ஊற்றினார்கள்? 2015ல் எஃப்.சி.சி. ஆறு கார்டு கம்பெனிகளுக்கு ஆளுக்கு 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதற்குள் எல்லாரும் ஸ்கைப்புக்கும் வாட்ஸாப்புக்கும் போய்விட்டோம், கார்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்பாவி ஜனங்கள்.

உங்கள் அப்பா லைனில் மீனா சொன்னதோடு இன்னொன்றும் செய்யுங்கள், ஃப்ரீஸ் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அப்பாவே உள்ளூர் கம்பெனியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னால் ஒழிய யாராலும் கம்பெனியை மாற்ற முடியாது. மாறிவிட்டதா என்று பார்க்க அந்த லேண்ட்லைனிலிருந்தே 1-700-555-4141 சுற்றினால் எந்த லாங் டிஸ்டன்ஸ் கம்பெனி என்று ஒரு பதிவுக்குரல் சொல்லும்.

அடையாறு ஆந்தை:

கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். 2003ல் சென்னையில் ஒரு கால் சென்டரில் அமெரிக்க லாங் டிஸ்டன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக எட்டு மாதம் ராத்திரி வேலை பார்த்தேன். எனக்கு அங்கே வைத்த பெயர் கெவின்.

எங்களுக்குக் கொடுத்த ஸ்கிரிப்டின் முதல் வரியில் எங்கள் கம்பெனிப் பெயர் வராது. "உங்கள் போன் பில் விஷயமாகக் கூப்பிடுகிறோம்" என்றுதான் தொடங்கும், பெயர் நாலாவது வரியில் வேகமாக ஓடும். பெயர் சொல்லவில்லை என்று எங்களையும் பிடிக்க முடியாது, கேட்டேன் என்று எதிராளியும் சொல்ல முடியாது. சம்மதம் கிடைத்ததும் சரிபார்க்கிற இன்னொரு கம்பெனிக்கு இணைப்பு கொடுத்துவிட்டு நாங்கள் விலக வேண்டும், அதுதான் விதி. அங்கே உம், ஓகே, ஆகட்டும் எதுவும் செல்லாது, தெளிவாக "யெஸ்" வேண்டும். அதனால் இணைக்கும் முன்பே, "ஒவ்வொரு கேள்விக்கும் யெஸ் மட்டும் சொல்லுங்கள், வேறு ஏதாவது கேட்டால் தள்ளுபடி ரத்தாகிவிடும்" என்று பாடம் எடுத்து அனுப்புவோம். வயதானவர்கள் அதை அப்படியே கேட்பார்கள். ஒரு பாட்டி எனக்கு நன்றி சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

கும்பகோணத்தாருக்கு உபயோகமாக ஒன்று. பதிவைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதில் அழைத்த தேதி, பேசுகிறவர் யார், மாற்ற அதிகாரம் உள்ளவரா, எந்த நம்பர், எந்தக் கம்பெனிக்கு மாறுகிறார் எல்லாம் தனித்தனியாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த யெஸ் செல்லாது. அது மட்டும் இல்லை, 2018ல் எஃப்.சி.சி. விதியை இறுக்கியது. விற்பனை அழைப்பில் பொய் சொல்லி வாங்கிய சம்மதம், பிறகு சரிபார்ப்பில் யெஸ் வந்திருந்தாலும் செல்லாது. "நம்ம போன் கம்பெனியிலிருந்துதானே பேசினார்கள்" என்று அப்பா சொன்னாரே, புகாரில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.

கும்பகோணத்தான்:

எல்லாருக்கும் நன்றி, ஆந்தைக்குக் கூடுதலாக. பதிவு கேட்டதும் நான்கு நாள் சாக்குச் சொன்னார்கள், பிறகு அனுப்பினார்கள். ஒன்றரை நிமிடம். அப்பா ஏழு முறை யெஸ் சொல்கிறார், அதில் ஒன்று "உங்கள் பிறந்த தேதி என்ன" என்ற கேள்விக்கு. எந்தக் கம்பெனிக்கு மாறுகிறார் என்று கேட்கவே இல்லை. புகார் கொடுத்தாகிவிட்டது, ஃப்ரீஸும் போட்டாயிற்று, இந்தியா பிளான் திரும்பிவிட்டது. 72.65ஐ நிறுத்திவைத்திருக்கிறோம், அம்மாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை, கடன் வைத்த மாதிரி இருக்கிறதாம்.

இப்போது புதுப் பிரச்சினை. இனிமேல் போனில் யெஸ் சொல்லாதீர்கள் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். நேற்று மருந்துக்கடையிலிருந்து பிரஷர் மாத்திரை அனுப்பட்டுமா என்று கூப்பிட்டிருக்கிறார்கள், "நோ, நோ, நோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.