அர்த்தம் மாறிப்போன ஆங்கிலச் சொல்: உங்களைக் கவிழ்த்தது எது?

கொள்ளிடக்கரை:
அப்பாவுக்கு 71 வயசில் முதல் பாஸ்போர்ட். தபால்காரர் கொடுத்துட்டுப் போன கையோட பூதக்கண்ணாடியும் கையுமா உட்கார்ந்துட்டார். இவரைப் போக அனுமதிங்கன்னு ஜனாதிபதி பேரில் ஒரு பத்தி இருக்குமே, அதில் 'விதவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்'ங்கிற இடத்தில் விரல் நின்னுடுச்சு. "லெட்னா விடுறதுதானேடா? இவரை விடாம அனுப்புங்கன்னா என்ன அர்த்தம்?" தாலுகா ஆபீஸில் 34 வருஷம் டிராஃப்ட் எழுதின மனுஷன். அச்சுப்பிழை, திருப்பி அனுப்பணும்னு கவரைத் தேட ஆரம்பிச்சுட்டார். டிகிரி படிச்ச நான் பேந்தப் பேந்த முழிச்சேன், அதுதான் இன்னிக்கும் உறுத்துது. ராத்திரி அகராதியைப் பிரிச்சா, லெட்னா தடைன்னு ஒரு பழைய அர்த்தம் கிடக்கு. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிட்டு சரியான கட்டத்துக்குள்ளே விழுந்தா 'லெட்'ங்கிறாங்களே, அதேதான்.

வெண்டைக்காய்_புளிக்குழம்பு:
எனக்கு 'மீட்', இறைச்சிங்கிற சொல். எட்டாம் வகுப்பு, தாத்தாவோட பழைய 1611 மொழிபெயர்ப்பு பைபிள். ஆதியாகமம் 1:29ஐ சத்தமா வாசிக்கிறேன். விதை தரும் பூண்டும் கனியும் உங்களுக்கு 'மீட்'டா இருக்கும்னு கடவுள் சொல்றார். "கத்தரிக்காய்க் கறிடா!"ன்னு கடைசி பெஞ்சில் ஒருத்தன். மொத்த கிளாஸும் சிரிக்க, காதைத் திருகினது என்னவோ எனக்குத்தான். அந்தக் காலத்தில் மீட்னா எந்த உணவும்தான். அப்புறம்தான் இறைச்சின்னு சுருங்கிச்சு. இனிப்புப் பண்டத்தைச் சொல்ற 'ஸ்வீட்மீட்'டில் பழைய அர்த்தம் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. தமிழ் பைபிளில் 'ஆகாரம்'னு அழகா இருக்கு, அதை வாசிச்சிருக்கலாம்.
(யாரும் 'நாற்றம்' உதாரணத்தைத் தூக்கிட்டு வராதீங்க. எல்லா இழையிலும் வந்து நாறிப்போச்சு.)

பேனா_முனை:
கொள்ளிடக்கரை சார், உங்களது இந்த இழைக்கே பொருந்தாது. 'லெட்' அர்த்தம் மாறலை. பழைய ஆங்கிலத்தில் விடுறதுக்கு ஒரு சொல், தடுக்கிறதுக்கு வேற சொல். உச்சரிப்பு தேய்ஞ்சு ரெண்டும் ஒண்ணாயிடுச்சு, தடுக்கிறது கிட்டத்தட்ட செத்துப்போச்சு. 'மீட்' சரி, ஒத்துக்கறேன்.
என் கதை: அமெரிக்க மேனேஜர் மீட்டிங்கில் என் திட்டத்தை 'டேபிள்' பண்ணலாம்னார். பிரிட்டிஷ் வழக்குப்படி விவாதத்துக்கு எடுக்கிறார்னு நினைச்சு ஸ்லைடைத் திறந்துட்டேன். அங்கே அதுக்கு ஒத்திவைக்கிறதுன்னு அர்த்தமாம்.
அதை விடுங்க. பாஸ்போர்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பத்தியை இல்லை. பேர் எழுத்துக்கு எழுத்து சரியான்னு பாருங்க. இனிஷியலை விரிச்சு எழுதியிருக்கான்னு பாருங்க, சர்நேம் காலியா இருந்தா சில நாட்டு விசாவில் இழுத்தடிப்பான். பிறந்த தேதி, அம்மா பேர் எல்லாம் சரிபாருங்க. நாலு ஜெராக்ஸ் எடுத்து வீட்டிலேயே வைங்க. பயணத்தில் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள்ளே மட்டும் போட்டுடாதீங்க, கைப்பையிலேயே இருக்கட்டும்.

கொள்ளிடக்கரை:
பேரெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். நான் அதைக் கேட்கவே இல்லையே.

உப்பங்கழி:
நம்ம சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் மாறின கதை ஒண்ணு. அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்கு 'கேட்டமரான்' டிக்கெட் போட்டேன். அம்மா மீனவக் குடும்பத்துப் பொண்ணு. "கட்டுமரமா? நனைஞ்சுருமே"ன்னு மாத்துப்புடவையை பிளாஸ்டிக் பையில் சுத்தி எடுத்துட்டு வந்துட்டாங்க. வந்து நின்னது ஏசி போட்ட இரட்டை உடல் கப்பல். 1697இல் ஆங்கிலேய மாலுமி டாம்பியர் தன் பயண நூலில் எழுதினப்போ அது நம்ம ஊர் மரக்கட்டைகள்தான். 1876இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப்ங்கிற படகு வடிவமைப்பாளர் கட்டின ரெட்டைப் படகுக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு. இதெல்லாம் நான் பின்னாடி படிச்சது. அன்னிக்கு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் அந்தப் பையோட, குனிஞ்சு குனிஞ்சு பார்த்துட்டுக் கேட்டாங்க: "இதுல கயிறு எங்கேடா கட்டியிருக்கான்?"