45 நாள் ஆச்சுன்னு சொல்லி வித்த நாய்க்குட்டி, உங்க வீட்ல என்ன ஆச்சு?

என் அனுபவத்தை மொதல்ல சொல்லிடறேன். 2019ல லாப்ரடார் குட்டி வாங்கினோம், விளம்பரம் பாத்துட்டுப் போனது, 45 நாள் ஆச்சு சார் பால் எல்லாம் மறந்தாச்சுன்னாரு. தாய் நாயைக் காட்டுங்கன்னு கேட்டா அது வேற இடத்துல இருக்குன்னுட்டாரு. அங்கயே திரும்பி வந்திருக்கணும், ஆனா குட்டி ஏற்கனவே என் பொண்ணு மடில இருந்துச்சு.

மறுநாள் டாக்டர் வாயைத் திறந்து பாத்துட்டு முன்பல்லே இப்பதான் முளைக்குது, கடவாப்பல் ஒன்னுகூட இல்ல, 30 நாளே சந்தேகம்னாரு. ராத்திரி முழுக்க போர்வைக்குள்ள மூக்கை விட்டு முட்டி முட்டிப் பால் தேடும், பாக்கவே முடியாது.

பெரிய கஷ்டம் அப்புறம்தான். நாலு மாசத்துல விளையாட்டுக்குக் கடிச்சாலே ரத்தம் வந்துடும். கூடப் பொறந்ததுங்களோட உருளும்போது ஒன்னு அழுத்திக் கடிச்சா இன்னொன்னு வீல்னு கத்திட்டு ஆட்டத்தை நிறுத்திடும், தாயும் ஒரு உறுமல்ல அடக்கிடும், பல்லை எவ்ளோ அழுத்தலாம்னு அப்படித்தான் கத்துக்குமாம். எங்களுதுக்கு அது கிடைக்கவே இல்ல, நாங்க சொல்லிக் குடுக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. 2017ல வந்த மத்திய அரசு விதிப்படி 8 வாரத்துக்குக் கீழ குட்டியை விக்கவே கூடாது, அதாவது 56 நாள். இந்த 45 நாள் கணக்கு எங்கேந்து வந்துச்சோ, எல்லாரும் சட்டம் மாதிரி சொல்றாங்க, அந்த 45ம் பாதி நேரம் பொய்.

---

எங்க மாமா கோவில்பட்டி பக்கம் சிப்பிப்பாறை நாய் வளக்காரு. சின்னதுல தூக்குனாதான் நம்மகிட்ட ஒட்டும்னு 30 நாள்லயே பணத்தோட வந்து நிப்பாங்க. அதெல்லாம் இல்ல, 60 நாள் ஆகட்டும், தாயே பால் குடுக்காம எந்திரிச்சுப் போகும், அதுக்கப்புறம் வாங்கன்னு அனுப்பிடுவாரு. சட்டமெல்லாம் அவருக்குத் தெரியாது அண்ணே. அவருகிட்டேந்து போன குட்டி ஒன்னுகூட புது வீட்ல ராத்திரி ரொம்ப நாள் அழுததா நான் கேள்விப்படல.

---

நான் குட்டி விக்கிறவன்தான், உண்மையைச் சொல்றேன். அஞ்சாவது வாரத்துலேந்துதான் செலவே, எட்டு குட்டியும் தீனி திங்கும், பூச்சி மருந்து, ஆறு வாரத்துல மொத தடுப்பூசி. 30 நாள்ல குடுத்துட்டா அத்தனையும் வாங்குறவங்க தலைல போயிடும், அதனாலதான் அவசரப்படுறாங்க. மொத ரெண்டு ஈத்துக்கு நானும் அதைத்தான் பண்ணேன். அதுல ஒரு குட்டி ஊசி போடறதுக்கு முன்னாடியே பார்வோங்கற வைரஸ் நோய் வந்து செத்துப் போச்சு, அந்த வீட்டுப் பையன் போன்ல அழுதது இன்னும் காதுல இருக்கு.

இப்ப 56 நாள் முடியாம குடுக்கறதில்ல, தாயைக் காட்டிட்டு, பொறந்த தேதி எழுதின ஊசி அட்டையும் கையில குடுக்கறேன். அங்க 35 நாள்லயே தர்றாங்களேன்னு திரும்பிப் போறவங்க இருக்காங்க. போன ஈத்துல ரெண்டு குட்டி 70 நாள் வரைக்கும் போகல. ஒன்னை ஒரு டீச்சர் வீட்ல வாங்கிக்கிட்டாங்க, இன்னொன்னு தாயோடயே எங்க வீட்ல இருக்கு.