வலந்தலைப் பக்கம் நின்று கேட்டது

எனக்கு இப்போது 63 வயது. சங்கீதம் கேட்க எங்கே பழகினீர்கள் என்று யாராவது கேட்டால் ஒரு சபாவையோ வித்துவானையோ சொல்ல எனக்கு வராது. எங்கள் ஊர் வடக்கு வீதி முனை, ராத்திரி ஒரு மணி. அதுதான் என் பதில்.

கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். சிவன் கோயில், வைகாசியில் பத்து நாள் திருவிழா. பத்து ராத்திரியும் சுவாமிக்கு முன்னால் நாயனம் நாலு வீதியும் சுற்றி வரும். நாதஸ்வரம் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் நாயனம்தான். "இன்னிக்கு மேளம் யாரு?" என்று கேட்டால் நாயனம், தவில், சுருதிக்காக விடாமல் ஊதும் ஒத்து, தாளம் எல்லாமே அந்தக் கேள்வியில் அடக்கம்.

எங்கே நிற்க வேண்டும் என்பதை அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். "அணசுக்கு நேரா நிக்காதே, காது அடைச்சுப் போகும். நாலடி தள்ளி, தவிலுக்கு வலந்தலைப் பக்கமா வா." அணசு என்பது நாயனத்தின் அகன்ற வாய். தவிலுக்கு இரண்டு முகம். வலந்தலையைத் துணியால் செய்த கூடு மாட்டிய விரல்களால் வாசிப்பார்கள். தொப்பிப் பக்கம் கழியால் அடிப்பது. தொப்பிப் பக்கம் நின்றால் அந்த அடி நெஞ்சில் இறங்கும், ஆனால் விரல் பேசுவது காதில் விழாது. வலந்தலைப் பக்கம் நின்றால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும், அதற்கு மேலே நாயனமும் தெளிவாக மிதந்து வரும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் எந்த ஊரில் மேளம் கேட்டாலும் என் கால் தானாக அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ளும்.

புறப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான். முதலில் தவில் மட்டும் பேசும். பிறகு கம்பீரநாட்டையில் மல்லாரி. சுவாமி கோபுர வாசலைத் தாண்டும் வரைக்கும் மல்லாரிதான், அதில் பாட்டு வரி கிடையாது, முழுக்க முழுக்கச் சொற்கட்டும் தாளமும். அதைக் கேட்டதும் திண்ணையில் படுத்திருப்பவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி என்று நகர்ந்து வடக்கு வீதி முனைக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். குழந்தைகளும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் போய்விட்டிருப்பார்கள். மிச்சம் நிற்பவர்கள் நாற்பது ஐம்பது பேர். அந்த இடத்தில் நாயனக்காரர் ராகத்தைத் தொடுவார்.

அந்த முனையில் ஏன் என்று சின்ன வயதில் நான் யோசித்ததில்லை. பின்னால்தான் புரிந்தது. அங்கே சுவாமியைத் தூக்கி வரும் ஸ்ரீபாதக்காரர்கள் தோளை மாற்றுவார்கள். பல்லக்கின் வாரைக் கம்புக்கு முட்டுக் கொடுத்து இறக்கி நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள், தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்வார்கள். சுவாமி நிற்கிற நேரம்தான் ராகத்துக்குக் கிடைக்கிற நேரம். வாசிப்பு நன்றாக இருந்தால் அவர்களும் தூக்குவதற்கு அவசரப்பட மாட்டார்கள். ஒரு முறை காம்போதி நடந்துகொண்டிருந்தபோது முன்வாரைக்காரர் ஒருவர் கையை உயர்த்தி "இருங்க, இருங்க" என்றார். குருக்கள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அங்கேயே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும்.

அப்பா அடிக்கடி சொல்வது நாயன வித்துவான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். நான் பிறப்பதற்கு முன்பே, 1956இல் அவர் காலமாகிவிட்டார். அவர் இருந்த திருவாவடுதுறை எங்களுக்கு சைக்கிள் தூரம்தான் என்பதால் அப்பாவின் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் அவரைப் பற்றி ஒரு கதை இருந்தது. அவருக்கு முன்னால் புழக்கத்தில் இருந்தது திமிரி, நீளம் குறைவு, சுருதி அதிகம். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாயனம் வந்த பிறகு சுருதி இறங்கி, நாதம் கனத்தது. ராகத்தை நிறுத்தி நிதானமாக விரிக்க அந்தக் கனம் தேவை. மேளக்காரர்கள் நின்றபடிதான் வாசிக்க வேண்டும், சட்டை போடக் கூடாது என்று இருந்த காலத்தில் கிராப்பும் கோட்டுமாக வந்து, மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் அவர். அப்பா ராகத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தணியும். இதைச் சொல்லும்போது உயரும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். புறப்பாட்டுக்கு முன்னால் மண்டபத்தில் நாயனக்காரர் உட்கார்ந்து சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் துண்டு, தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். நாயனத்தின் கழுத்திலிருந்து நூலில் ஏழெட்டுச் சீவாளிகள் கொத்தாகத் தொங்கும், கூடவே வெள்ளையாக ஒரு தந்த ஊசி. ஒன்றை எடுத்து வாயில் வைத்து எச்சிலில் நனைப்பார், ஊசியால் அதன் வாயைக் கொஞ்சம் திறந்து பார்ப்பார், ஊதுவார், தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார். நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒதுக்கி வைத்த ஒன்றை என்னிடம் நீட்டி "ஊது தம்பி" என்றார். என் மூச்சுக்குக் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. "உதட்டால கடி, பல்லால கடிக்காதே" என்றார். திரும்ப ஊதியபோது கிளி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் சிரிக்கவில்லை. "பாத்தியா, நாணல்தான். ஆத்தங்கரையில நிக்கிற நாணல்" என்றார். அந்தச் சீவாளியை ரொம்ப நாள் பென்சில் டப்பாவில் வைத்திருந்தேன்.

அதே செட்டில் தாளம் போட ஒரு பையன் வருவான். என் வயதுதான். ராத்திரி முழுக்க அந்த இரண்டு வெண்கலக் கிண்ணத்தையும் தட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மேல் அவன் கண் சொருகும், தலை சாயும், கை மட்டும் நிற்காது. தவில்காரர் கடுமையான கணக்கு ஒன்றைப் போட்டு முடிக்கும்போது எல்லோரும் அந்தப் பையனைத்தான் பார்ப்பார்கள். அவன் தாளம் அதே இடத்தில் இருக்கும். நான் வீட்டிலிருந்து கொண்டுபோகும் முறுக்கை அவனுக்குப் பாதி கொடுப்பேன், அப்படித்தான் சிநேகிதம் ஆனோம். பிற்பாடு அவன் தவிலுக்கு மாறினான். விரலுக்குக் கூடு கட்டுவதை அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். துணி நாடாவைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிச் சுற்றி அச்செடுத்து வெயிலில் காயவைப்பது. காய்ந்தால் கல் மாதிரி. சாதகம் முடித்து அந்தக் கூட்டைக் கழற்றும்போது விரல்நுனி வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும்.

நாயனம் மட்டும்தான் கேட்டேன் என்று இல்லை. காலையில் திருச்சி வானொலியில் மங்கள இசை. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனையும் ஷேக் சின்ன மௌலானாவையும் அப்படித்தான் தெரியும். மேடையில் ஆர்கெஸ்ட்ரா வந்தபோது அதற்கும் முதல் ஆளாகப் பாய் விரித்தவன் நான். ஒரே ஆள் ஆண் குரலிலும் பெண் குரலிலும் டூயட் பாடுவார், பேங்கோஸ்காரருக்குத் தனிக் கைதட்டல் விழும். சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நம் சீட்டு எப்போது வரும் என்று காத்திருப்பதில் ஒரு சுகம். அதைக் குறைவாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் ரேடியோவில் கேட்ட பாட்டு அப்படியே வந்தால்தான் நமக்குச் சந்தோஷம். வீதியில் அடுத்து என்ன வரும் என்று வாசிப்பவருக்கே தெரியாது.

திருவையாறு பற்றியும் சொல்ல வேண்டும். தை மாத பகுள பஞ்சமியில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைக்கு முதல் முறை போனபோது எனக்கு இருபது வயது. காலையில் நாயனம் முடிந்ததும் பஞ்சரத்தினம், அவருடைய ஐந்து கீர்த்தனைகள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சுருதியில் பாடுகிறார்கள். என் இடப்பக்கம் ஒரு பாட்டியும் வலப்பக்கம் வயலினோடு ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும். வராளியில் பாட்டி ஒரு சங்கதியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார், நானும் விட்டிருந்தேன், அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பாடினாள். தியாகராஜர் சமாதியைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாள் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். தன் சொத்தைச் செலவழித்து அங்கே கோயில் எழுப்பியவர். பெண்கள் அங்கே பாடவே கூடாது என்று இருந்ததை எதிர்த்து நின்றவரும் அவர்தான்.

1998இல் எங்கள் பழைய வீட்டை இடித்தோம். ஓடு இறக்கிய மறுநாள் நரசிங்கம்பேட்டையிலிருந்து இரண்டு ஆசாரிகள் வந்து நின்றார்கள். வீடு இடிபடுகிற செய்தி அவர்களுக்கு எப்படியோ எட்டிவிடும். நாயனம் கடைய ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பல வருஷம் ஆறிய மரம். பழைய வீட்டு உத்தரமும் தூணும்தான் அதற்குத் தோது. பெரியவர் ஒவ்வொரு கட்டையாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். தட்டுவார், காதைச் சாய்ப்பார், நகர்வார். கூடத்து உத்தரத்தில் கத்தியால் லேசாகச் சுரண்டி உள் நிறத்தைப் பார்த்துவிட்டு "இது போதும்" என்றார். அந்த உத்தரத்தில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தூளி கட்டியிருந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "விறகாப் போறதுக்கு நாயனமாப் போகட்டும்" என்றாள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பெரியவரின் விரல் முட்டி.

அப்புறம் வீதி மாறியது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தோள் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை; சக்கரம் வைத்த சகடை வந்தது, சகடையை இழுக்க டிராக்டர் வந்தது. மக்களுக்கு ரசனை போய்விட்டது என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சக்கரத்துக்குத் தோள் வலிக்காது, அதனால் அது வடக்கு வீதி முனையில் நிற்க வேண்டியதில்லை. சுவாமி நிற்காவிட்டால் ராகம் எங்கே உட்காரும்? பத்தரைக்கெல்லாம் சுவாமி உள்ளே போய்விடும். நாயனக்காரர் நடந்துகொண்டே சின்னச் சின்ன உருப்படியாக வாசித்து முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒத்து ஊதுகிற ஆளும் போய், சுருதிப் பெட்டி வந்தது. கோயிலுக்குக் கோயில் தீபாராதனை நேரத்தில் மோட்டாரில் ஓடும் மேளமும் மணியும் சேர்ந்த இயந்திரம் அலறுகிறது. கல்யாணங்களில் ஆலாபனை நடுவே போட்டோக்காரர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்வதை என் கண்ணால் பார்த்தேன். நிறுத்தியவர் அணசை மடியில் சாய்த்துக்கொண்டு, நூலில் தொங்கிய சீவாளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே தலை நிமிராமல் இருந்தார்.

போன வருஷம் ஐந்தாம் நாள் ரிஷப வாகனத்தன்று டிராக்டர் பழுதாகிவிட்டது. மெக்கானிக் வர நேரமாகும் என்றார்கள். இளவட்டப் பையன்கள் இருபது பேர், அதில் பாதிப்பேர் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "தூக்கிடலாம்" என்றார்கள். தூக்கிப் பழக்கமில்லாத தோள்கள். பத்தடிக்கு ஒரு தரம் நின்றார்கள்.

தவில் என் பழைய சிநேகிதன். கூட நாயனம் வாசித்தது அவன் மகள், மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் படித்தவள். முதல் வீதியிலேயே அவள் கவனித்துவிட்டாள் என்று நினைக்கிறேன், நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போவதை. தெற்கு வீதியில் ஒரு கீர்த்தனை. மேல வீதியில் கொஞ்சம் ஸ்வரம். வடக்கு வீதி முனைக்கு வந்ததும் பையன்கள் வியர்த்து விறுவிறுத்து வாகனத்தை இறக்கி வைத்தார்கள். மணி பன்னிரண்டே கால். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கழியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு விரல்கூடுகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சரிசெய்தான். சரி, வாசி என்று அர்த்தம்.

தோடியைத் தொட்டாள். முதல் பத்து நிமிஷம் கீழேயே இருந்தாள், மேலே போக அவசரமே இல்லை. டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் தம்ளரோடு வந்து நின்றார்கள். மாடியில் விளக்குப் போட்டார்கள். டிராக்டர் சரியாகிவிட்டது என்று சொல்ல ஒரு பையன் ஓடி வந்தான். முன்னால் வாகனம் தூக்கிய பையன் வாயில் விரலை வைத்து அவனை நிறுத்தினான். நான் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தாறு பேர் நின்றுகொண்டிருந்தோம்.

இந்த வருஷம் ஐந்தாம் நாளுக்கு டிராக்டர் வேண்டாம் என்று பையன்களே கோயிலில் சொல்லிவிட்டார்கள். தோள் கொடுக்கப் பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வடக்கு வீதி முனைக்கு வர எப்படியும் பன்னிரண்டு தாண்டும். வருகிறவர்கள் நாலடி தள்ளி வலந்தலைப் பக்கம் வந்துவிடுங்கள். நான் அங்கேதான் நிற்பேன்.