புதுப்பிப்பு: ஃபில்டர் பை அடைப்பும் கிழிசலும் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நிலக்கரி பாய்லரின் புகையில் வரும் சாம்பலை வடிகட்டும் பிபிஎஸ் (ஒரு செயற்கை இழை) பைகளில் டிஃபரன்ஷியல் பிரஷர் (பையின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், அடைத்தால் ஏறும்) இறங்கவே மாட்டேன் என்கிறது, அடிப்பக்கம் வேறு கிழிகிறது என்று கேட்டிருந்தேன்.

பிரஷருக்குக் கைகொடுத்தது நீங்கள் சொன்ன பிரீகோட் (பைக்கு முன்கூட்டியே தூள் பூசுவது) யோசனைதான். பாய்லரை எண்ணெயில் பற்றவைக்கும் முன்பே ஐடி ஃபேனை (புகையை இழுக்கும் விசிறி) ஓட்டி, சுண்ணாம்புக்கல் தூளைப் பைகளில் படியவிட்டோம். எண்ணெய்ப் பிசுக்கு இப்போது துணியில் ஏறாமல் அந்தப் படலத்தோடு உதிர்ந்துவிடுகிறது. பழைய பைகள் தேறவில்லை. புதிது போட்ட பிறகுதான் பலன். சிலர் சொன்ன பிடிஎஃப்இ மெம்பிரேன் (பைமேல் ஒட்டும் வழுவழுப்பான மெல்லிய படலம்) பற்றி: விலையைக் கேட்டதும் மேலிடம் கையை விரித்துவிட்டது.

எதிர்பாராதது கிழிசல். பல்ஸ் காற்றைத்தான் (பையிலுள்ள தூசை உதிர்க்க விட்டுவிட்டு அடிக்கும் காற்று) எல்லாரும் சந்தேகப்பட்டோம். கழற்றிப் பார்த்தால் எல்லாப் பையிலும் ஒரே உயரத்தில், வெளிப்பக்கம் மழமழவென்று தேய்ந்திருந்தது. கேஜ் (பைக்குள் இருக்கும் கம்பிக்கூடு) வளைந்து, பை பக்கத்துப் பையோடு உரசியிருக்கிறது. கேஜை மாற்றியதும் நின்றது.

தேடி வருபவர்களுக்கு: பிபிஎஸ் 190 டிகிரி தாங்கும் என்பார்கள். காற்று கசிந்து ஆக்சிஜன் ஏறினால் அதற்குக் கீழேயே நொறுங்கும்.