எம்.ஜி.பி. காரின் வைப்பர்: டேஷ்போர்டை இறக்காமல் வீல்பாக்ஸ் மாற்ற வழி உண்டா?

கேள்வி – காட்பாடி ரோட்ஸ்டர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1965-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். திறந்த கூரை, 1798 சிசி இன்ஜின், வலப்பக்க ஸ்டீயரிங். பெரியப்பா ஆசையாக வைத்திருந்த வண்டி. அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. இன்ஜினும் பிரேக்கும் நன்றாக இருக்கின்றன. வைப்பர்தான் என்னைப் படுத்துகிறது.

போன வாரம் ஆம்பூரிலிருந்து திரும்பும்போது பள்ளிகொண்டாவுக்கு முன்பாகக் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் பக்கத்து வைப்பர் கை, போக வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்க் கண்ணாடிச் சட்டத்தில் இடித்தது. வண்டியை ஓரம் கட்டி விரலால் அசைத்துப் பார்த்தேன். மூன்று விரற்கடை தூரத்துக்குப் பிடிமானமே இல்லாமல் ஆடுகிறது. பயணி பக்கத்தில் இந்த ஆட்டம் மிகக் குறைவு. மோட்டார் நிற்கவில்லை, ஆனால் முனகிக்கொண்டு மெதுவாகத்தான் ஓடுகிறது.

வேலூரில் ஒரு பட்டறையில் காட்டினேன். டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், முன்கண்ணாடிச் சட்டத்தையும் கழற்ற வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் கம்பெனியில் அடித்த சுருக்கம் விழுந்த கறுப்புப் பெயின்ட் டேஷ்போர்டில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒருமுறை கீறிவிட்டால் அதே மாதிரி திரும்ப அடிக்க இங்கே ஆள் கிடையாது. காலடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். காற்றுக் குழாய்க்கும் வயர் கட்டுக்கும் நடுவே வீல்பாக்ஸின் (வைப்பர் கையை அசைக்கும் பல்சக்கரப் பெட்டி) முதுகு மட்டும் தெரிகிறது. கை போகிறது, போன கையை மடக்க இடமில்லை.

வீல்பாக்ஸ் புதிதாக வாங்கினால் இரண்டையும் மாற்ற வேண்டுமா, ஒன்று போதுமா? டேஷ்போர்டை இறக்காமல் செய்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

பதில் – ராணிப்பேட்டை மின்பட்டறை

தம்பி, டேஷ்போர்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. வாகன மின்வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். இந்த வண்டிகளில் வரும் லூகாஸ் கம்பெனி வைப்பர் மோட்டார்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. புதிய வீல்பாக்ஸுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் வெளியில் பார்க்க வேண்டியதைப் பாருங்கள். வைப்பர் கையின் மேலிருந்து ஸ்பிண்டில் (கை மாட்டியிருக்கும் தண்டு) முனை வரை நகப்பூச்சால் ஒரே கோடாகப் போடுங்கள். பிறகு கையை அசைத்தால் கோடு உடைகிறதா என்று கவனியுங்கள். கோடு உடைந்தால் கையின் உள்பக்கப் பற்கள் தேய்ந்து ஸ்பிண்டிலில் வழுக்குகிறது என்று பொருள். வைப்பர் கையை மட்டும் மாற்றினால் போதும். கோடு உடையாமல் ஸ்பிண்டிலும் சேர்ந்தே ஆடினால் குறை உள்ளே இருக்கிறது. இரண்டு கைகளும் ஒரே அளவு ஆடியிருந்தால் நான் மோட்டார் பக்கம் சந்தேகப்பட்டிருப்பேன். உங்கள் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் அதிகம் என்பதால் அந்தப் பக்கத்து வீல்பாக்ஸ் என்றே நினைக்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். மோட்டாரிலுள்ள பல்சக்கரம் ஒரு கேபிளை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுகிறது. அந்தக் கேபிளின் மேல் கம்பி திருகுசுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அந்தச் சுருள்தான் பல்லாக வேலை செய்கிறது. கேபிள் இரும்புக் குழாய்களுக்குள் ஓடி, வழியில் இரண்டு வீல்பாக்ஸ்களிலும் உள்ள சிறு பல்சக்கரங்களை உருட்டுகிறது. அந்தச் சக்கரம் ஒருபோதும் முழுச்சுற்று சுற்றுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வட்டத்தை மட்டும் போய்ப் போய்த் திரும்புகிறது. அந்தப் பகுதியிலுள்ள பற்கள் மட்டும் அறுபது வருடமாகத் தேய்ந்திருக்கும். எதிர்ப்பக்கத்துப் பற்கள் வேலையே பார்க்காமல் கூர் மழுங்காமல் இருக்கும். சக்கரத்தை அரைச்சுற்று திருப்பி வைத்துவிட்டால் தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும். அதற்கு வீல்பாக்ஸைக் கழற்றவே வேண்டாம், கேபிளை உருவினால் போதும்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் வண்டியில் இருக்கைக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைத்திருக்கும். வைப்பர்கள் ஓய்வில் இருக்கும்போதே ஸ்பிண்டில் முனைகளில் மேல்நோக்கி ஒரு கோடு போட்டுவிட்டுக் கைகளைக் கழற்றுங்கள். இடப்பக்கம் பொருள் வைக்கும் அட்டைப் பெட்டியை எடுத்தால் மோட்டாருக்குக் கை எட்டும். குழாயை மோட்டாரோடு பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, மோட்டாரின் போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரையும் கேபிளையும் ஒன்றாகவே இழுங்கள். கேபிள் வெளியேறும்போது ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே வரும். கேபிள் முழுதும் வந்ததும் கோடு எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அரைச்சுற்று திருப்புங்கள். மீண்டும் கேபிளை உள்ளே விட்டு மோட்டாரைப் பொருத்தியதும் கோடு கீழ்நோக்கி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் திரும்ப உருவிச் சரிசெய்யுங்கள். வைப்பர் கையை எந்தப் பல்லில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்பதால் கண்ணாடியில் அதன் இடம் மாறாது.

மோட்டார் முனகுவதற்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்த கிரீஸ். நம் ஊர் வெயிலில் அது குழாய்க்குள் மெழுகுபோல இறுகிவிடும். கேபிளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். மெல்லிய கம்பியில் துணி கட்டிக் குழாய்க்குள் இழுத்துத் துடைத்துவிட்டு, புது லித்தியம் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். பிறகு கேபிளை மட்டும் குழாய்க்குள் விட்டு, அதன் தலைப்பகுதித் துளையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்துப் பாருங்கள். பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் தராசு போதும். வைப்பர் கைகள் மாட்டாத நிலையில் 2.7 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கக் கூடாது. வண்டியின் பட்டறைக் கையேட்டில் உள்ள அளவு இது. அதற்கு மேல் காட்டினால் குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது, அல்லது வீல்பாக்ஸில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

பதில் – குடியாத்தம் ஹெரால்டு

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். அதிலும் இதே கேபிள், இதே வீல்பாக்ஸ் அமைப்புதான். ராணிப்பேட்டை அண்ணன் சொன்ன அரைச்சுற்று வழியை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பல் தேய்மானத்துக்கு மட்டும்தான் மருந்து. ஸ்பிண்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள் தம்பி. அங்கேயும் ஆட்டம் இருந்தால் அதைத் தாங்கும் புஷ் (உலோக வளையம்) தேய்ந்துவிட்டது. அரைச்சுற்று திருப்பினாலும் ஆட்டம் போகாது. மழை பெய்யும்போது காலில் தண்ணீர் சொட்டுகிறதா என்பதையும் சொல்லுங்கள். சொட்டினால் வெளியே நட்டுக்கு அடியிலுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் வீல்பாக்ஸைக் கழற்றியே ஆக வேண்டும். அப்போது இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. அதே இடுக்குக்குள் இன்னொரு முறை கை விட யாருக்கும் பொறுமை இருக்காது.

அதற்கும் டேஷ்போர்டை இறக்கத் தேவையில்லை. ஸ்பீடோமீட்டர், டேகோமீட்டர் இரண்டையும் பின்னாலுள்ள கைத்திருகு நட்டுகளைக் கழற்றி முன்பக்கமாக எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு வட்டத் துளைகளும் உங்கள் கைக்கு வாசல். கண்ணாடிக்குக் காற்று கொண்டுபோகும் குழாயைப் பிடுங்கி ஓரம் ஒதுக்குங்கள். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளே தகட்டு விளிம்புகள் கூர்மையானவை.

வீல்பாக்ஸின் பின்தகட்டைப் பிடித்திருக்கும் சிறு நட்டுகள் இரண்டையும் முழுதாகக் கழற்றாமல் தளர்த்த மட்டும் செய்தால் குழாய்கள் விடுபடும். அந்த நட்டுகள் பி.ஏ. (பழைய பிரிட்டிஷ் சிறு திருகு) அளவு. வண்டியின் மற்ற இடங்களுக்குப் பயன்படும் ஸ்பானர் இதற்குச் சரியாக உட்காராமல் முனையை மழுக்கிவிடும். ஸ்பானரில் நூல் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவையுங்கள். கை தவறி விழும் நட்டு ஹீட்டருக்குப் பின்னால் போனால் ஒரு பகல் போய்விடும்.

பிறகு வெளியிலிருந்து பெரிய நட்டைக் கழற்றினால் வீல்பாக்ஸ் உள்பக்கமாக இறங்கி வரும். திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குழாயின் முனை புனல்போல விரிந்திருக்கும். அந்த விரிந்த முனை வீல்பாக்ஸின் பள்ளத்துக்குள் சரியாக அமர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம், விரல் நுனியால் தடவித்தான் உறுதிசெய்ய முடியும். பின்தகட்டை உடனே இறுக்கிவிடாதீர்கள். கேபிளை உள்ளே விட்டு நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டி, குழாய்கள் தாமாக நேரான பிறகு இறுக்குங்கள்.

பாகத்துக்கு: எம்.ஜி.பி. வீல்பாக்ஸை பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் ஹெரால்டு பாகம் கிடைத்தால் இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று வாங்கிவிட வேண்டாம். பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பற்களின் எண்ணிக்கை, ஸ்பிண்டில் நீளம், முனையின் வரிகள் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். பல் எண்ணிக்கை மாறினால் வைப்பர் துடைக்கும் கோணமே மாறிவிடும்.

பதில் – ஆற்காடு வண்டிக்காரன்

எதற்கு இவ்வளவு சிரமம்? 1968-க்குப் பிறகு வந்த எம்.ஜி.பி.யில் இரண்டு வேக மோட்டார் வந்துவிட்டது. அதில் ஒன்றை வாங்கிப் போட்டால் மழையில் வேகமாகவும் துடைக்கும்.

பதில் – ராணிப்பேட்டை மின்பட்டறை

ஆற்காட்டுத் தம்பிக்கு: மோட்டாரை மாற்றினால் தேய்ந்த பல் வளர்ந்துவிடாது. வேகமான மோட்டார் அந்த ஆட்டத்தை இன்னும் பலமாகத்தான் அடிக்கும். மற்றொன்றையும் யோசிக்க வேண்டும். 1965 வண்டியில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பழைய ஒற்றை வேக மோட்டாரில் காந்தப்புலம் சுருளால் உண்டாகிறது. மின்முனையை மாற்றினாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். பின்னால் வந்த இரண்டு வேக மோட்டாரில் இருப்பது நிலைக்காந்தம். முனை மாறினால் திசையும் மாறிவிடும். வண்டியின் எர்த்தை மாற்றாமல் அதைப் பொருத்த நினைத்தால் ஸ்விட்ச், வயரிங் எல்லாவற்றையும் யோசித்தாக வேண்டும். ஒழுங்காக ஓடும் பழைய மோட்டாரைத் தூக்கி எறிவதை என்னால் ஏற்க முடியாது.

குடியாத்தம் சொன்ன பக்கவாட்டு ஆட்டம் சரியான பேச்சு. தம்பி, அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பதில் – காட்பாடி ரோட்ஸ்டர்

ஐயா, கோடு போட்டுப் பார்த்தேன். கோடு உடையவில்லை, ஸ்பிண்டில் சேர்ந்தே ஆடியது. பக்கவாட்டில் இரு பக்கமும் அசைவு இல்லை. காலில் தண்ணீரும் சொட்டவில்லை. அதனால் அரைச்சுற்று வழியிலேயே இறங்கினேன்.

கேபிளை உருவியதும் விஷயம் புரிந்தது. கிரீஸ் பழுப்பு நிறத்தில் பொரித்த துகள்களாக உதிர்ந்தது. கழுவும் முன் தராசை மாட்டி இழுத்தபோது 4 கிலோவைத் தாண்டியது. குழாயைத் துடைத்துப் புது கிரீஸ் தடவிய பிறகு 2 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. ஓட்டுநர் பக்கத்து ஸ்பிண்டிலைத் திருப்பிவைத்து மாட்டினேன். இப்போது விரலால் அசைத்தால் பயணி பக்கத்தைவிட அதில் ஆட்டம் குறைவு! மோட்டாரின் முனகலும் நின்றுவிட்டது. பயணி பக்கத்தையும் சேர்த்தே திருப்பியிருக்கலாம். அடுத்த முறை கேபிளை உருவும்போது செய்துவிடுகிறேன்.

ஒரே ஒரு குறை. ஸ்விட்சை அணைத்தால் வைப்பர்கள் முழுதும் கீழே போகாமல் சற்று மேலேயே நின்றுவிடுகின்றன. கைகளைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டட்டுமா?

பதில் – ராணிப்பேட்டை மின்பட்டறை

மிக்க மகிழ்ச்சி தம்பி. கைகளைத் தொடாதீர்கள், தள்ளி மாட்டினால் துடைக்கும் பகுதி முழுவதும் கீழிறங்கி, ஓடும்போது பாடியில் தட்டும். மோட்டாரின் கியர் பெட்டி மூடியில் சிறு குவிந்த தொப்பி ஒன்று இருக்கும். ஓய்விடத்தைத் தீர்மானிக்கும் ஸ்விட்ச் அதற்குள்தான் இருக்கிறது. மூடியின் திருகுகள் நான்கையும் சற்றுத் தளர்த்தி அந்தத் தொப்பியைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். வைப்பரை ஓட்டி அணைத்துப் பாருங்கள், தேவையானால் இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். சரியான இடம் வந்ததும் திருகுகளை இறுக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்க்கும்போதும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் இழுபட்டு நிற்கும் இடம் தவறாகக் காட்டும், கண்ணாடியிலும் கோடு விழும்.